ஆட்டுத் தலையும் எச்சிலின் வரலாறும்



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஒரு பிளேன்டியோடு ஆறுதலாக வாசியுங்கள்.

போன நோன்பில் லுஹருக்கு வுழூச் செய்யப் போனால் ஹவுளடியில் பிள்ளைகள் வரிசையாக நின்று துப்பிக்கொண்டிருப்பார்கள். கொப்பளித்த தண்ணீரைத் துப்புவது வேறு. இவர்கள் வாயில் ஊறுகிற எச்சிலை எல்லாம் துப்பினார்கள். ஏன் மகன் என்று ஒருவனிடம் கேட்டோம். "முழுங்கினா நோன்பு முறிஞ்சிரும் சேர்" என்றான். அஸராகும்போது பார்த்தால் உதடு வெடித்து, நாக்கு ஒட்டி, பேசவே கஷ்டப்பட்டான்.

நம் ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகளில் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். தன் வாயில் தானாக ஊறிய, வேறு எதுவும் கலக்காத, வாயை விட்டு வெளியே வராத எச்சிலை விழுங்கினால் நோன்பு முறியாது. வெளியே எடுத்ததைத் திரும்ப விழுங்கினால், அல்லது இரத்தமோ சாப்பாட்டுத் துணிக்கையோ கலந்ததைத் தெரிந்தே விழுங்கினால்தான் பிரச்சினை. விபரம் வேண்டியவர்கள் மௌலவிமாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் பத்வா சொல்ல வரவில்லை. தவிர்க்கவே முடியாத ஒன்று என்பதுதான் அறிஞர்கள் சொன்ன காரணம். விஞ்ஞானக் கணக்கும் அதையே சொல்கிறது. ஒரு வளர்ந்த மனிதனுக்கு நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீர் ஊறுகிறது. அதை யார் துப்பி முடிப்பது?

இதைச் சொன்னபோது அந்தப் பிள்ளை திருப்பிக் கேட்டான்: "அவ்வளவும் எங்க இருந்து சேர் வருது?"

அவனுக்கு அந்த இடத்தில் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டோம். ஆனால் அந்தக் கேள்விக்கு மனிதன் முழுப் பதிலைக் கண்டுபிடிக்க 1660ஆம் ஆண்டு வரை ஆனது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறோம்.

முதலில் நம் வீட்டுப் பக்கம் இருந்து தொடங்குவோம். இப்னு ஸீனா (980 - 1037) தன்னுடைய 'அல் கானூன்' நூலில் நாக்கின் உடற்கூற்றை எழுதும்போது ஒரு விடயத்தைக் குறித்து வைத்திருக்கிறார். நாக்கின் கீழே இரண்டு துவாரங்கள் உண்டு, மெல்லிய கம்பி ஒன்று உள்ளே போகும், எச்சில் ஊறுவது அங்கிருந்துதான், அவை நாக்கின் அடியிலுள்ள சுரப்பித் தசைக்குப் போகின்றன என்பது அவர் சொல்வதன் சாரம். அந்தத் தசைக்கு எச்சிலைப் பிறப்பிப்பது என்றும், துவாரங்களுக்கு எச்சிலை ஊற்றுபவை என்றும் அரபியில் பெயரும் கொடுத்திருக்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முந்திய எழுத்து இது.

இதைப் படித்தவுடன் "எச்சில் சுரப்பியைக் கண்டுபிடித்தது முஸ்லிம்களே, மேற்கத்தியர் திருடிவிட்டார்கள்" என்று ஒரு படம் செய்து வட்ஸ்அப்பில் விட்டுவிடாதீர்கள். இப்னு ஸீனாவுக்கு முன்பே கிரேக்க வைத்தியர் கேலனின் நூல்கள் அரபிக்கு வந்திருந்தன, அந்த அறிவின் மேல் நின்றுதான் இவரும் எழுதினார். அவரே அதை மறைத்தவர் அல்ல. பெருமைப்படுவதற்கு உண்மையே போதும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நாக்கின் கீழ் உள்ள துவாரம் அன்றே தெரிந்திருந்தது. ஆனால் கன்னத்தின் உட்புறத்தில் இருக்கிற துவாரம் கேலன் காலத்திலிருந்து அதற்குப் பிறகும் பல நூறு வருடங்கள் யார் கண்ணிலும் படவில்லை. அது ஒளிந்திருக்கவும் இல்லை. மேல் தாடையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு நேரே, கன்னத்தின் உள்பக்கத்தில், ஒரு சிறு பருவைப் போல எல்லார் வாயிலும் இருக்கிறது. இதை வாசிக்கும் உங்கள் வாயிலும்.

1656இல் லண்டனில் தோமஸ் வார்ட்டன் என்ற வைத்தியர் உடலின் சுரப்பிகளைப் பற்றி மட்டும் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். தாடைக்குக் கீழுள்ள சுரப்பியிலிருந்து நாக்கின் கீழுள்ள துவாரம் வரை வருகிற குழாயை அவர்தான் ஒழுங்காகப் பின்தொடர்ந்து விபரித்தார். இன்றும் அதற்கு வார்ட்டன் குழாய் என்றுதான் பெயர். 1665இல் லண்டனில் கொள்ளைநோய் வந்தபோது ஊரை விட்டு ஓடாமல் நின்று வைத்தியம் பார்த்த மனிதர் இவர். ஆனால் கன்னத்துக் குழாயை இவரும் காணவில்லை.

நான்கு வருடம் கழித்து டென்மார்க்கிலிருந்து 22 வயதுப் பொடியன் ஒருவன் வைத்தியம் படிக்க ஹொலண்டின் அம்ஸ்டர்டாமுக்கு வந்தான். பெயர் நீல்ஸ் ஸ்டென்சன். ஸ்டீனோ என்றும் சொல்வார்கள். பிளாசியஸ் என்ற பேராசிரியரின் வீட்டில் தங்கியிருந்தான். 1660 ஏப்ரல் 7ஆம் திகதி, ஓர் ஆட்டுத் தலையைக் காசு கொடுத்து வாங்கி வந்து, தனியாக இருந்து வெட்டிப் பார்த்தான். மூளையைப் பார்ப்பதுதான் நோக்கம். அதற்கு முன் வாய்ப் பக்கமுள்ள நாளங்களைப் பார்க்கலாம் என்று ஒரு கம்பியை விட்டான். கம்பி எதிலும் இடிபடாமல் அகலமான ஒரு வழியில் சறுக்கிக்கொண்டு போய், பல்லில் பட்டு 'டிங்' என்று சத்தம் கேட்டது. பிறகு தன் ஆசிரியர் பார்த்தோலினுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சத்தத்தை அவனே குறிப்பிடுகிறான்.

உடனே பிளாசியஸைக் கூப்பிட்டுக் காட்டினான். கம்பியை அழுத்திக் குத்தி நீயே ஓட்டை போட்டிருப்பாய் என்றார் அவர். பிறகு, இந்த ஆட்டுக்கு மட்டும் இயற்கை செய்த ஒரு விளையாட்டாக இருக்கும் என்றார். வார்ட்டனின் புத்தகத்தைப் புரட்டினார்கள். அதில் இல்லை. பொடியன் விடவில்லை, வேறு மிருகத்தின் தலையிலும் பார்த்தான், அங்கும் இருந்தது. பிறகு லெய்டன் நகருக்குப் போனபோது அங்கே சில்வியஸ் என்ற பேராசிரியர் மனிதரிலும் அதே குழாயைக் காட்டினார்.

இதன் பிறகு நடந்ததுதான் எங்களுக்குப் பிடிக்காத பகுதி. 'நீ போட்ட ஓட்டை' என்று சொன்ன அதே பிளாசியஸ், 1661இல் தன் புத்தகத்தில் அந்தக் குழாயைத் தானே கண்டுபிடித்ததாக எழுதினார்! இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. ஸ்டென்சன் அதே வருடம் வாய்ச் சுரப்பிகளைப் பற்றிய ஆய்வை லெய்டனில் வாசித்து வெளியிட்டான். குழாய் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைக் கூட பிளாசியஸ் சரியாக எழுதவில்லை என்று காட்டினான். கடைசியில் பார்த்தோலின் தன் மாணவன் பக்கம் நின்றார். இன்று உலகம் முழுவதும் அது ஸ்டென்சன் குழாய். மாணவன் காட்டியதை முதலில் மறுத்து, பிறகு தன் பெயரில் போட்டுக்கொள்கிற ஆசிரியர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ஆசிரியர் தொழிலில் இருக்கிற எங்களுக்கு அது உறைக்கத்தான் செய்கிறது.

அந்த 1660ஆம் ஆண்டு நம் ஊர்ப் பக்கத்துக்கும் முக்கியமான ஆண்டு. அதே வருடம்தான் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, இரண்டாம் இராஜசிங்கனின் கைதியாகக் கண்டி இராச்சியத்துக்குக் கொண்டுவரப்பட்டார். ஊர்களில் சுதந்திரமாக உலாவலாம், தப்பி ஓடத்தான் முடியாது. தொப்பி பின்னி விற்றார், நெல் கடன் கொடுத்தார். கடைசி வருடங்களில் அவர் காணி வாங்கி வாழ்ந்த இடம் எலதெத்த. ஆம், நம் உடுநுவர எலதெத்ததான். 1679இல் தப்பி அரிப்புக் கோட்டைக்குப் போய், 1681இல் லண்டனில் புத்தகம் வெளியிட்டார். அதில் கண்டி மக்கள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மெல்வதையும், பாக்கு வியாபாரத்தையும் எழுதியிருக்கிறார். அங்கே ஒருவன் எச்சில் வரும் வழியைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே நம் பக்கத்து வாய்களில் சிவப்பு எச்சில் ஊறிக்கொண்டிருந்தது.

அந்தப் பாக்கை மலையிலிருந்து கரைக்கு இறக்கியது யார்? அதில் நம் முன்னோருக்குப் பெரிய பங்கு உண்டு. கண்டி இராச்சியத்து முஸ்லிம்கள் தவளம் மாடுகளில் பாக்கு மூட்டைகளை ஏற்றிப் போய், உப்பும் கருவாடும் துணியும் கொண்டுவந்தார்கள். அரசனின் போக்குவரத்துப் பகுதியான மடிகே பத்தவில் நம்மவர்கள் வேலை செய்ததை லோர்னா தேவராஜா தன் முஸ்லிம் வரலாற்று நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த வரலாற்றில் நமக்குப் பெருமை உண்டு. அந்தப் பாக்குக் கதையின் மறுபக்கத்துக்குக் கடைசியில் வருகிறோம்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு ஒழுங்கான பதில்.

பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று சோடி. மிகப் பெரியது காதுக்கு முன்னும் கீழுமாக இருக்கிற கன்னச் சுரப்பி. கூவைக்கட்டு வரும்போது வீங்குவது இதுதான், சிங்களத்தில் கம்முல்காய என்பார்கள். (2011இலிருந்து நம் நாட்டில் பிள்ளைகளுக்குப் போடுகிற எம்எம்ஆர் தடுப்பூசியில் இதற்கும் பாதுகாப்பு இருக்கிறது, தவறவிடாதீர்கள்.) பல்லை இறுகக் கடித்துக்கொண்டு கன்னத்தில் விரலை வையுங்கள், ஒரு தசை புடைக்கும். அந்தத் தசையின் மேலாகத்தான் ஸ்டென்சன் குழாய் ஏறி வந்து, அதன் ஓரத்தில் வளைந்து, கன்னத்தைத் துளைத்து உள்ளே திறக்கிறது. ஐந்து சென்ரிமீற்றர் அளவு நீளம். முகத்தை அசைக்கிற நரம்பு இந்தச் சுரப்பிக்குள்ளேயே கிளை பிரிந்து போவதால் இங்கே கட்டி வந்து வெட்டும்போது சத்திர சிகிச்சை நிபுணர்கள் மிகவும் கவனமாக இருப்பார்கள்.

இரண்டாவது தாடைக்குக் கீழுள்ள சோடி, வார்ட்டன் குழாய்க்குச் சொந்தமானது. இதன் நீர் கொஞ்சம் தடிப்பு, குழாயும் கீழிருந்து மேலே ஏறுகிறது. அதனால் உமிழ்நீர்க் கற்கள் பெரும்பாலும் இந்தக் குழாயில்தான் அடைக்கும். சாப்பாட்டைக் கண்டவுடன் தாடைக்குக் கீழே வீங்கி வலித்தால் இதை யோசிக்க வேண்டும். மூன்றாவது நாக்கின் கீழுள்ள சிறிய சோடி. இவை தவிர உதடு, கன்னம், அண்ணம் எங்கும் 600 முதல் 1,000 வரை குட்டிச் சுரப்பிகள். சும்மா இருக்கும்போது ஊறுவதில் பெரும்பங்கு தாடைக்கீழ்ச் சோடியுடையது. மெல்லத் தொடங்கினால் கன்னச் சுரப்பி வேகமெடுக்கும். தூக்கத்தில் எல்லாமே ஏறக்குறைய நின்றுவிடும். எழும்பியவுடன் வாய் மணப்பது அதனால்தான். எழுந்ததும் மிஸ்வாக் செய்கிற ஸுன்னத்தை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, எச்சிலுக்குள் என்ன இருக்கிறது. நூற்றில் 99 பங்கு தண்ணீர். மிச்சம் ஒரு பங்குக்குள்தான் எல்லாம். சுரப்பியின் உள்ளே இருக்கிற கலங்கள் முதலில் சுரப்பது இரத்தத்தின் நீரைப் போலவே உப்பான திரவம். அது சிறு குழாய்கள் வழியே வரும்போது குழாய்ச் சுவர்கள் சோடியத்தையும் குளோரைட்டையும் திரும்ப எடுத்துக்கொண்டு, பொற்றாசியத்தையும் இருகாபனேற்றையும் உள்ளே விடுகின்றன. இரத்தம் உப்புக் கரிக்கிறது, எச்சில் கரிப்பதில்லை. காரணம் இதுதான். வாயில் எப்போதும் உப்பு இருந்தால் கறியில் உப்புக் குறைந்ததை நாக்கு எப்படிக் கண்டுபிடிக்கும்? ஸுப்ஹானல்லாஹ்.

இருகாபனேற்று அமிலத்தைத் தணிக்கும். கல்சியமும் பொசுபேற்றும் பல்லின் மிளிரியில் கரைந்துபோனதைத் திரும்ப நிரப்பும். மியூசின் என்ற வழுவழுப்பான புரதம் சோற்றுக் கவளத்தை வழுக்கி உள்ளே இறக்கும். அமிலேசு நொதியம் மாப்பொருளை உடைக்கும். ஒரு துண்டுப் பாணை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் இனிக்கத் தொடங்குவதை வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் செய்ய வைப்போம். அயடீன் துளி விட்டால் நீலமாகாது. எச்சில் மாப்பொருளை மாற்றுகிறது என்பதை ஜேர்மனியில் லொய்க்ஸ் என்பவர் 1831இல் காட்டினார். பிறகு கிருமியை உடைக்கிற லைசோசைம் உண்டு. பெனிசிலினுக்குப் பெயர் போன அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினுக்கு முன்பே, 1922இல் அறிவித்தது இது. இவற்றோடு பிறபொருளெதிரிகளும் உண்டு. தமிழில் எச்சில் என்றாலே ஒதுக்கப்பட்ட பொருள். எச்சில் கை, எச்சில் பாத்திரம் என்கிறோம். உள்ளே பார்த்தால் அது இரவு பகலாக நிற்கிற காவல்காரன்.

இனிப் பாக்கு.

பாக்கில் அரிகோலின் என்றொரு பொருள் இருக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நரம்பு எந்தக் கதவைத் தட்டிக் கட்டளை கொடுக்குமோ அதே கதவை இதுவும் தட்டும். அதனால்தான் வெத்திலை போட்டவர் வாய் நிறைய எச்சில் ஊறித் துப்பிக்கொண்டே இருக்கிறார். சுண்ணாம்பு சேர்ந்தவுடன் சாறு சிவக்கிறது. அதோடு நின்றால் பரவாயில்லை. பாக்கு கன்னத்தின் உட்தோலுக்குக் கீழே நார்களை வளரச் செய்கிறது. கன்னம் பலகையாகிறது, வாய் திறக்க முடியாமல் போகிறது. இந்த நோயை 1966இல் தெளிவாக வரையறுத்தவர்களில் ஒருவரான பின்ட்போர்க்கும் ஸ்டென்சனைப் போல டென்மார்க்காரர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெறும் பாக்குக் கூட மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று சொல்லிவிட்டது. 'நாங்க பொயிலை போடுறதில்ல, பாக்குத்தானே' என்று சொல்கிறவர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான்.

எங்கள் உம்மம்மாவின் வெத்திலைத் தட்டும் பித்தளைப் படிக்கமும் வீட்டின் ஒரு மூலையில் எப்போதும் இருக்கும். அவருக்கு வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கும். ரம்புட்டானைக் கடிக்க முடியாமல் விரலால் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடுவார், நாங்கள் சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். கறி உறைக்குது, வாய் எரியுது என்று உம்மாவைக் கோபிப்பார். வயது போன கோபம் என்று விட்டுவிட்டோம். எரிவும் இறுக்கமும் அந்த நோயின் அடையாளங்கள் என்று ஆசிரியர் கலாசாலைக்குப் போய் வந்த எங்களுக்கும் தெரியாது. கன்னத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு எத்தனை வருடம் இருந்ததோ, புண்ணாகி மணத்த பிறகுதான் கொண்டுபோனோம். கதிர்வீச்சு கொடுத்தார்கள். அது புற்றுநோயோடு சேர்த்து உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் சுட்டுவிடும். கடைசி எட்டு மாதம் ஒவ்வொரு வாய் கஞ்சிக்கும் ஒரு மிடறு தண்ணீர் வேண்டும் அவருக்கு. கிராஅத் ஓதும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், நிறுத்தி நனைத்துவிட்டு ஓதுவார். நாள் முழுக்கப் படிக்கம் நிறைத்த வாய் அது.

1980களின் தொடக்கத்தில் பேராதனைப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஆரம்ப சுகாதார ஊழியர்கள் 34 பேருக்கு வாய்க்குள் பார்க்கப் பழக்கி, மக்களிடம் அனுப்பினார்கள். ஒரு வருடத்தில் 28,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். சந்தேகமான தழும்புள்ளவர்களை டொக்டர்மாரல்லாத அவர்களே கண்டுபிடித்தார்கள். 1984இல் முடிவுகள் வெளிவந்தன. ஆனால் மேலதிகப் பரிசோதனைக்கு வரச் சொன்னவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள்தான் போனார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

இன்று இரவு டோர்ச் லைட்டும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு, கன்னத்தை விரலால் இழுத்துப் பிடியுங்கள். மேல் கடைவாய்ப் பல்லுக்கு நேரே அந்தச் சிறு பரு தெரியும். கன்னத்தை வெளியே அழுத்தினால் ஒரு துளி வரும். அது ஸ்டென்சனின் வாசல், பயப்பட ஒன்றுமில்லை. அதே வெளிச்சத்தில் கன்னம் முழுவதையும், நாக்கின் இரு ஓரத்தையும், நாக்கின் கீழும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளை, பட்டுப் போன்ற சிவப்பு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், மூன்று விரல் நுழையாத வாய், இவற்றில் ஏதாவது இருந்தால் காட்ட வேண்டும். வீட்டில் வெத்திலை போடுகிற வாப்பும்மா, உம்மம்மா, அப்பாமாரின் வாயையும் பாருங்கள், முதலில் வெட்கப்படுவார்கள்.

பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை பிலிமத்தலாவையிலிருந்து ஒரு பஸ் தூரம். தனியாகப் போகப் பயப்படுகிற பெரியவர்கள் யாராவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், பாடசாலை இல்லாத ஒரு கிழமை நாளில் நாங்கள் கூட வருகிறோம்.